இரட்டை மின் பம்பும் பால் சங்கும்: அப்பா கையில் கொடுத்தால் மட்டும் உருப்படும் கருவிகள்

தாய்ப்பால் பம்ப்பை விற்பவர்கள் அதை அம்மாவின் கருவியாகத்தான் விற்கிறார்கள். பெட்டியின் மேல் அம்மா படம், உள்ளே இருக்கும் கையேடு முழுக்க அம்மாவுக்கு அறிவுரை. வாங்கி வருகிற வீட்டிலும் அதை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணுக்குப் பம்ப் மட்டும் கிடைத்தால் வேலை குறையாது, கூடும். குழந்தைக்கு நேரடியாகப் பால் கொடுக்க வேண்டும், பிறகு கால் மணி நேரத்துக்குக் குறையாமல் பம்ப் செய்ய வேண்டும், பிறகு பத்துப் பன்னிரண்டு உதிரிகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதற்குள் குழந்தை மறுபடி அழும். கழுவுவது, சேமிப்பது, ஊட்டுவது ஆகிய மூன்றையும் கணவர் எடுத்துக்கொள்கிற வீட்டில் இதே கருவி அம்மாவுக்கு ஐந்து மணி நேரம் தொடர்ச்சியான தூக்கத்தைத் தருகிறது. எந்த மாடல் என்ற கேள்வியை விட, யார் கழுவப்போகிறார் என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

இங்கே பார்ப்பது ஒரு பிராண்டை அல்ல, ஒரு வகையை: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற, மூடிய அமைப்புள்ள மின் பம்ப். துணைக்கு, பாத்திரக் கடையிலும் மெடிக்கலிலும் கிடைக்கிற ஸ்டீல் பால் சங்கு. சில ஊர்களில் பாலாடை என்பார்கள்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

தனியார் நிறுவனங்களில் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வார விடுப்பு. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நாலு மாதமும் சொச்சமும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இடையில் விழுகிற இரண்டு மாதத்துக்குத்தான் பம்ப் உண்மையில் தேவைப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கும், வாய் வைத்துக் குடிக்கத் தெரியாமல் திணறும் குழந்தைக்கும் முதல் நாளிலிருந்தே தேவை. அது மருத்துவர் சொல்கிற கணக்கு, இந்தக் கட்டுரையின் கணக்கு அல்ல.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. குழந்தை நன்றாகக் குடிக்கிறது, அம்மா வருடம் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார் என்றால் மின் பம்ப் வாங்க வேண்டாம். எப்போதாவது வெளியே போக, கையால் பீய்ச்சி எடுப்பதே போதும். ஆயிரம் ரூபாய் அளவில் தொடங்கும் கை பம்ப் கூடுதல் வசதி. பெரும்பாலான இரட்டை மின் பம்ப்கள் அதைப்போலப் பல மடங்கு விலை.

'அப்பாவும் பால் கொடுத்தால்தான் ஒட்டுதல் வரும்' என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வோம். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் குழந்தையைப் போட்டுக்கொள்வது, ஏப்பம் எடுப்பது, குளிப்பாட்டுவது, டயாப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது என்று பால் சம்பந்தமில்லாத வேலையே அன்றாடம் ஏராளம். ஒட்டுதல் அதிலேயே வரும். பாலில் பங்கு கேட்பது அம்மாவின் தூக்கத்துக்காக இருக்க வேண்டும்.

தந்தையின் விடுப்பைப் பற்றி ஒரு சொல். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். தனியாரில் அது நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கிற வழக்கமுள்ள குடும்பங்களில், முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும்போது அந்த 15 நாளையும் கரைத்துவிடுகிறார்கள். மனைவியும் குழந்தையும் மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதத்தில் சொந்த வீட்டுக்குத் திரும்பும் வாரத்தில்தான் ஒத்தாசைக்கு ஆளே இருக்காது. வளைந்துகொடுக்கிற அலுவலகம் என்றால் பாதியையாவது அந்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பம்ப், சேமிப்பு, ஊட்டல் என்ற வட்டம் பழகுவதும் அந்த வாரத்தில்தான்.

பெட்டியில் என்ன பார்ப்பது

மூடிய அமைப்பு என்றால் பால் போகும் பாதைக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு சிலிகான் தடுப்பு இருக்கும். திறந்த அமைப்பில் அது இல்லை. பால் துளியோ ஈரமோ குழாய் வழியே மோட்டாருக்குள் போய்ப் பூஞ்சை பிடிக்கும், அதைத் திறந்து கழுவவும் முடியாது. அக்கா பயன்படுத்தியது சும்மாதானே கிடக்கிறது என்று திறந்த அமைப்புப் பம்ப்பை வாங்கிக்கொள்ளாதீர்கள். மெடிக்கலில் தொங்குகிற ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழல் மாதிரி பம்ப்பும் வேண்டாம். பால் நேராகக் குமிழுக்குள் ஏறும், உள்ளே பிரஷ் போகாது.

அடுத்தது புனலின் அளவு. கடையில் ஃபிளேஞ்ச் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மி.மீ. அது எல்லாருக்கும் பொருந்தாது. பம்ப் செய்வதற்கு முன், காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை மி.மீ. கணக்கில் அளந்துகொண்டு, அதே அளவிலோ இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாகவோ புனல் எடுக்க வேண்டும். சின்னதாக இருந்தால் காம்பு சுவரில் உரசி வெளுத்துப்போகும், வலிக்கும், பாலும் சரியாக வராது. பெரிதாக இருந்தால் சுற்றியுள்ள கருவளையம் முழுக்க உள்ளே இழுபடும், பம்ப் செய்தபின் வீங்கியிருக்கும். 'எனக்குப் பம்ப் ஒத்துக்கல' என்று அலமாரியில் ஏற்றி வைக்கப்பட்டவற்றில் கணிசமானவை புனல் மாற்றினால் சரியாகிற கேஸ்கள். உதிரிப் புனல் தனியாகக் கிடைக்காத மலிவு மாடலைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இழுவிசையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். அதிகம் வைத்தால் அதிகம் வரும் என்பது தவறு. முதலில் இழுவை குறைவாகவும் வேகம் கூடுதலாகவும் உள்ள தூண்டல் நிலை, பால் சுரந்து இறங்கியதும் இழுவை கூடி வேகம் குறையும் நிலை. இந்த இரண்டும் இருந்தால் போதும். வலிக்காத உச்சத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வலித்தால் உடம்பு இறுகிப் பால் இறங்குவதே தடைப்படும். இரு பக்கமும் சேர்த்து 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் போவதில் லாபமில்லை.

பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் கப் வகைப் பம்ப் அலுவலகத்தில் வசதிதான். ஆனால் குனிந்தால் கொட்டும், பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவும் கஷ்டம். முதல் பம்ப்பாக அது வேண்டாம்.

கடையிலேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: வால்வு, சவ்வு, குழாய் மூன்றும் தனியாக எங்கே கிடைக்கும்? வாத்து மூக்கு போன்ற சிலிகான் வால்வு சில மாதங்களில் தொய்ந்துவிடும். 'மோட்டார் போயிடுச்சு, இழுக்கவே மாட்டேங்குது' என்கிற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி இந்த வால்வுதான். நுனியில் கிழிந்திருக்கும், அல்லது சரியாக உட்காராமல் இருக்கும். ஒரு ஜோடி வால்வு கூடுதலாக வீட்டில் இருந்தால் சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை மிச்சம்.

அப்பாவின் பங்கு: முதலில் சிங்க்

ஒரு பக்கத்துக்குப் புனல், இணைப்பான், வால்வு, தடுப்புச் சவ்வு, பாட்டில் என்று ஐந்து உதிரிகள். இரண்டு பக்கமும் பத்து, மூடிகள் தனி. பம்ப் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் பால் பிசுக்கு போக அலசி, இதற்கென்று வைத்த பேசினில் சோப்பும் தனி பிரஷும் போட்டுக் கழுவ வேண்டும். பாத்திரம் துலக்கும் சிங்க்கில் போடக்கூடாது. அங்கேதான் பச்சைக் கறி, மீன் எல்லாம் கழுவுகிறோம். துடைக்காமல் சுத்தமான துணிமேல் கவிழ்த்துக் காற்றில் உலரவிட வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு தினம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் முழுக வைக்க வேண்டும். அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுத்தால் சிலிகான் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் பக்கத்திலேயே நில்லுங்கள். குழாய்க்குள் பால் போகாதவரை அதைக் கழுவவே வேண்டாம். ஈரம் கோத்திருந்தால் குழாயை மட்டும் மாட்டி மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டால் காய்ந்துவிடும். கறுப்புப் புள்ளி தெரிந்தால் குழாயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இரண்டு செட் உதிரி வாங்குவது இந்த மொத்தச் செலவிலும் உருப்படியானது. ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது மற்றொன்று தயார். காலையில் அலுவலகம் கிளம்பும் முன் கணவர் ஒரு செட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரவு திரும்பி வந்து மற்றதைக் கழுவினால், பகலில் மனைவி சிங்க் பக்கம் போக வேண்டியதில்லை. ஒரே செட்டை ஃப்ரிட்ஜில் வைத்துக் கழுவாமல் நாலு தடவை ஓட்டும் குறுக்குவழி ஒன்று இணையத்தில் உலவுகிறது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

எப்போது எடுப்பது, எவ்வளவு வரும்

நேரடியாகக் குடிக்கும் குழந்தை என்றால் முதல் மூன்று நாலு வாரம் பம்ப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. குழந்தை குடிப்பதற்கேற்பச் சுரப்பு நிலைப்படும் காலம் அது. அப்போது கூடுதலாக எடுத்தால் சுரப்பு மிகுந்து மார்பு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு, விடியற்காலை முதல் பால் கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை எடுங்கள். பலருக்கும் நாளிலேயே அதிகம் வருவது அப்போதுதான். இரு பக்கமும் சேர்த்து 30 முதல் 60 மி.லி. வந்தால் அது நல்ல அளவு. குழந்தை குடித்து மிச்சம் எடுப்பதுதானே இது. பாட்டிலில் ஓரமாகத் தேங்கியதைப் பார்த்து 'பால் பத்தல' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சு தொடங்குமுன்பே கணவர் குறுக்கே வர வேண்டும். போதுமா என்று பார்க்க வேண்டிய இடம் டயாப்பர்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் போக வேண்டும், எடை ஏற வேண்டும்.

சேமிப்பில் நினைவில் வைக்க வேண்டியது நாலு எண்கள். 25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், தனிக் கதவுள்ள ஃப்ரீஸரில் 6 மாதம், உருக்கிய பாலுக்கு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம். இதில் முதல் எண்ணைச் சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் நம்பக்கூடாது. ஏசி இல்லாத அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். எடுத்த கையோடு ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், அதுவும் கதவுத் தட்டில் அல்ல, உள்ளே பின்பக்கமாக. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி ஃப்ரீஸர் மாதிரி தெரியும், ஆனால் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் வெப்பம் ஏறும். இரண்டு வாரத்துக்கு மேல் அதில் வைக்காதீர்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் மூட்டை கட்டிச் சேமிப்பதே வீண்.

60 முதல் 100 மி.லி. அளவாகப் பிரித்து வைத்தால் வீணாவது குறையும். மாஸ்கிங் டேப்பில் பால்பாயின்ட் பேனாவால் தேதி, நேரம், அளவு. பழையது முன்னால், புதியது பின்னால். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது; ஓரிடத்தில் கொதித்து இன்னோரிடத்தில் ஜில்லென்று இருக்கும், வாய் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் சில நிமிடத்தில் குளிர் தணிந்துவிடும். மேலே மிதக்கும் ஆடை கெட்டுப்போன அறிகுறி இல்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது அம்மா முகத்தைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

சங்கு

பாட்டிலா சங்கா என்றால் எங்கள் ஓட்டு சங்குக்கு. இந்தியாவில் பால்புட்டி விளம்பரத்துக்கே தடை உண்டு, 1992 சட்டம். காரணம் வெறும் கொள்கை அல்ல. நிப்பிளின் மடிப்புகளில் கிருமி தங்கும், வேகமான ஓட்டத்துக்குப் பழகிய குழந்தை மார்பில் பொறுமையாக உறிஞ்ச மறுக்கலாம். ஸ்டீல் சங்கைக் கொதிக்க வைத்தால் கதை முடிந்தது. பாட்டி காலத்து வெள்ளிச் சங்கு அழகுதான், ஆனால் வேலைப்பாடுள்ள கைப்பிடி இடுக்கில் பால் காய்ந்து நிற்கும். வழவழப்பான, மூக்கு நுனி கூர்மையில்லாத ஸ்டீலே நல்லது.

ஊட்டும் முறை தெரியாமல்தான் அப்பாக்கள் இதைக் கைவிடுகிறார்கள். குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும். மடியில் பாதி உட்கார்ந்த நிலையில் கழுத்தையும் தோளையும் இடது கையால் தாங்கிக்கொண்டு, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குழந்தை நாக்கை நீட்டித் தானே இழுத்துக்கொள்ளும். ஒரு மிடறு விழுங்கியதும் சங்கை நிமிர்த்தி மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். தாடைக்குக் கீழே ஒரு துணி, சிந்துவது இயல்பு. 60 மி.லி. ஊட்ட இருபது முப்பது நிமிடம் ஆகும், அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை சரிப்படாது. வாயை மூடிக்கொண்டால், முகத்தைத் திருப்பினால், கையெல்லாம் தளர்ந்துவிட்டால் போதும் என்று அர்த்தம். கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முதல் நாலைந்து தடவை அம்மா அந்த அறையில் இருக்கக் கூடாது. வாசனை தெரிந்தால் குழந்தை சங்கைச் சீந்தாது. அழுது கூவ ஆரம்பித்தபின் ஊட்ட முயல்வதும் தோற்கும். விரலை வாயில் வைப்பது, தலையைத் திருப்பித் தேடுவது, நாக்கை நீட்டுவது ஆகியவை பசியின் முதல் அறிகுறிகள். அப்போதே தொடங்க வேண்டும்.

இரவு 9 மணிக்கு அம்மா நேரடியாகக் கொடுத்துவிட்டுத் தூங்கப்போகிறார். 12 மணிப் பாலை அப்பா வேறு அறையில் சங்கில் கொடுக்கிறார். 3 மணிக்கு மறுபடி அம்மா. இதுதான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் ஏற்பாடு. இதற்கு மேல் நீட்டித்து ஒன்பதுக்குப் படுத்தவரை ஐந்துக்கு எழுப்பலாம் என்று ஆசைப்பட வேண்டாம். முதல் இரண்டு மாதங்களில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் பால் எடுக்காமல் விட்டால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையத் தொடங்கும். மார்பில் ஒரு பகுதி சிவந்து சுட்டு, காய்ச்சலும் குளிரும் வந்தால் வெந்நீர் ஒத்தடத்தோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சின்ன ஒயிட்போர்டு மாட்டி, கடைசியாக எப்போது, எவ்வளவு, யார் கொடுத்தது என்று எழுதுவது எந்த ஆப்பையும் விட நன்றாக வேலை செய்கிறது. வீட்டில் இருக்கும் மாமியாருக்கும் அம்மாவுக்கும் அது கண்ணில் படும். ஆறு மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், கத்திரி வெயிலிலும் தாய்ப்பாலே போதும் என்பதையும் அதே போர்டில் மேலே எழுதி வையுங்கள். கணவரின் அம்மாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பு கணவருடையது, மனைவியின் அம்மாவிடம் மனைவி. மாற்றிச் சொன்னால் பால் விஷயம் குடும்ப விஷயம் ஆகிவிடும்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு ஒத்திகை தொடங்கலாம். ஒன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு அம்மா இல்லாத ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 மி.லி. என்று கணக்கு வைத்தால், பயணம் சேர்த்துப் பத்து மணி நேரம் வெளியே இருப்பவருக்கு 300 மி.லி. கையிருப்பில் ஒன்றரை நாள் பங்கு இருந்தால் போதும், ஃப்ரீஸர் நிறையச் சேர்க்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் எடுப்பது மறுநாளைக்கு ஆகும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டும் இடைவேளை இரண்டு தரப்பட வேண்டும் என்பது சட்டம். மனிதவளத் துறையிடம் அறையும் ஃப்ரிட்ஜும் எங்கே என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். எடுத்துப்போக ஐஸ் பேக் வைத்த சின்ன கூலர் பை, 24 மணி நேரம் வரை தாங்கும், ஐஸ் உருகாதவரை. சார்ஜ் செய்யும் மாடல் என்றால், மின்சாரம் போனாலும் ஒரு தடவை எடுக்கும் அளவு பேட்டரி நிற்கிறதா என்று வாங்கிய வாரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வாரண்ட்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான். சுகாதாரப் பொருள் என்பதால் திறந்த பெட்டியைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை, ரசீது கையில் இருந்தாலும்.